போர்டு போயிட்டு சார்!

இரண்டு வாரமாக இந்தப் பக்கத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை. உடம்புக்கு என்ன என்று மூன்று பேர் போன் செய்து கேட்டுவிட்டார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. கெட்டுப்போனது கம்ப்யூட்டர். சரியாகச் சொல்லப்போனால், கெட்டுப்போய்விட்டது என்று எனக்குச் சொல்லப்பட்ட கம்ப்யூட்டர். இன்று அதே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துதான் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். நடந்ததை எழுதுகிறேன். கோபம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது 2018-ல் பாளையங்கோட்டையில் அசெம்பிள் செய்து வாங்கிய டெஸ்க்டாப். ஏழாம் தலைமுறை ஐ3 பிராசஸர், 4 ஜிபி மெமரி. அப்போது அது போதும். இப்போது பிரவுசரில் நான்கு பக்கம் திறந்தாலே, மேடேறும் பழைய லாரி மாதிரி மூச்சு வாங்குகிறது. மெமரியைக் கூட்டினால் சரியாகும் என்று தெரியும். போர்டில் மெமரி செருக இரண்டு ஸ்லாட் உண்டு, ஒன்று காலி. 8 ஜிபி ஸ்டிக் ஒன்று வாங்கினேன். அதே டிடிஆர்4 வகைதானா என்று பார்த்தே வாங்கினேன். டிடிஆர்3 ஸ்டிக்கில் 240 பின், டிடிஆர்4-ல் 288 பின். நடுவில் இருக்கும் வெட்டுக்குறியும் இடம் மாறியிருக்கும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்று ஸ்லாட்டில் உட்காராது.

நானே மாட்டினேன். பிளக்கைப் பிடுங்கி, கேபினெட் இரும்பைத் தொட்டுவிட்டு, பழைய ஸ்டிக்கைக் கழற்றித் துடைத்தேன். அதைக் காலியாக இருந்த ஸ்லாட்டில் போட்டு, புதியதை முதல் ஸ்லாட்டில் செருகினேன். சுவிட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, மானிட்டரில் மட்டும் ‘நோ சிக்னல்’. பதறிப்போய்ப் புதியதைக் கழற்றிவிட்டுப் பழையதை மட்டும் வைத்து முயன்றேன். அப்போதும் அதே ‘நோ சிக்னல்’.

வீட்டம்மா சமையலறையிலிருந்து, “நல்லா ஓடிக்கிட்டிருந்ததை எதுக்குங்க நோண்டுதீங்க?” என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். பதில் சொல்ல முடியாமல் பெட்டியைத் தூக்கி ஆட்டோவில் வைத்துக்கொண்டு ஒரு கடைக்குப் போனேன்.

கடையில் இருபத்தைந்து வயதுப் பையன். மரியாதையான பையன்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். வயரை மாட்டினான், பட்டனை அழுத்தினான், பத்து விநாடி பார்த்தான்.

“போர்டு போயிட்டு சார்.”

“தம்பி, மெமரியை மாத்தினப்புறம்தான் இப்படி ஆச்சு. அதைக் கொஞ்சம் பாரேன்.”

“அது பழைய ஜெனரேஷன் சார். போர்டு இப்ப கிடைக்காது. கிடைச்சாலும் இதுல விண்டோஸ் 11 ஏறாது. புதுசா செட்டு போட்டுருங்க, 38,000 ஆகும். இதை எக்ஸ்சேஞ்சுல எடுத்துக்கிடுதோம். 1,500 கழிச்சுக்கலாம்.”

பெட்டியின் பக்கவாட்டு மூடியை அவன் கழற்றவே இல்லை. இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான்.

தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவன் நான். அந்தக் காலத்தில் 198-க்குப் புகார் வரும். எல்லாப் புகாரும் ஒரே மாதிரிதான் இருக்கும்: “போன் செத்துப்போச்சு.” அதற்காகப் புது போன் வாங்குங்கள் என்று நாங்கள் யாருக்கும் சொன்னதில்லை. டெஸ்ட் டெஸ்க்கில் இருப்பவர் முதலில் செய்வது, பழுது எக்ஸ்சேஞ்சுக்கு உள்ளேயா வெளியேயா என்று பிரிப்பது. எம்.டி.எஃப். என்ற பெரிய சட்டத்தில்தான் வெளி லைனும் உள் லைனும் சந்திக்கும். அங்கே லைனைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே டோன் இருந்தால் பழுது வெளியே. வெளியே என்றால் கேபினட் வரைக்குமா, பில்லர் வரைக்குமா, டி.பி. வரைக்குமா, அதைத் தாண்டி வீட்டுக்குள்ளா? ஒவ்வொரு இடத்திலும் பிரித்துக்கொண்டே போனால் கடைசியில் பழுது ஒரு மூலையில் மாட்டிக்கொள்ளும். பெரும்பாலும் அது எலி கடித்த ஒரு சாண் வயராக இருக்கும், அல்லது பச்சை பூத்துப்போன ஒரு திருகாக இருக்கும்.

இதில் மேதாவித்தனம் எதுவும் கிடையாது. வேண்டியது பொறுமை மட்டும்தான். இப்போது விற்பனைக்கு இல்லாத சரக்கு அது ஒன்றுதான்.

பெட்டியை வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்தேன். மறுநாள் காலையில் காபி குடித்துவிட்டு, ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டேன். பழைய ஸ்டிக், புதிய ஸ்டிக்; முதல் ஸ்லாட், இரண்டாவது ஸ்லாட். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு ஸ்டிக், ஒரே ஒரு ஸ்லாட். ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கைவைத்தேன்.

பழையது முதல் ஸ்லாட்டில்: படம் வந்தது. போர்டு போய்விட்டது என்ற தீர்ப்பு அந்த நிமிஷமே பொய்யாகிவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது. புதியது முதல் ஸ்லாட்டில்: படம் வந்தது. பழையது இரண்டாவது ஸ்லாட்டில்: வரவில்லை. புதியது இரண்டாவது ஸ்லாட்டில்: வரவில்லை.

தாளைப் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் புரியும். கோளாறு இரண்டாவது ஸ்லாட்டில். டார்ச் அடித்துப் பார்த்தேன். ஏழு வருஷம் காலியாகத் திறந்து கிடந்த ஸ்லாட். அடியில் பஞ்சு மாதிரித் தூசி அடைந்து, தலைமுடி ஒன்றும் குறுக்கே கிடந்தது. இதுவரை பெயின்டில் படாத சின்னப் பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டி, ரப்பர் பல்பால் காற்று அடித்தேன். பிறகு ஸ்டிக்கை வைத்து, இரண்டு முனையையும் ‘கிளிக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்தினேன். நம்மைப் போன்றவர்கள் உடைந்துவிடுமோ என்று பயந்து பாதி அழுத்தத்தில் விட்டுவிடுவோம். பாதி உட்கார்ந்த ஸ்டிக்குக்கும் இதே ‘நோ சிக்னல்’தான்.

படம் வந்தது. 12 ஜிபி காட்டியது.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் பெருமையடித்துக்கொண்டு கிளம்பியிருப்பேன். முடியவில்லை. அடுத்த நாள் மாலை பென்ஷன் ஸ்டேட்மென்டைத் திறக்கும்போது நீலத்திரை வந்தது. ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்று எழுதிவிட்டு, தானாக அணைந்து மறுபடி ஓடியது. ராத்திரிக்குள் இன்னும் இரண்டு தடவை அப்படி ஆயிற்று. பையன் சொன்னதுதான் சரியோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வீட்டம்மா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததே சொன்னது மாதிரித்தான்.

மெமரியைச் சோதிக்க மெம்டெஸ்ட்86 பிளஸ் என்று ஒரு நிரல் இருக்கிறது. இலவசம். பென்டிரைவில் ஏற்றி, விண்டோஸ் ஓடுவதற்கு முன்பே அதிலிருந்து ஓட்ட வேண்டும். மெமரியின் ஒவ்வொரு அறையிலும் எழுதிப் பார்த்து, எழுதியது அப்படியே திரும்பி வருகிறதா என்று சரிபார்க்கும். எழுதியது ஒன்றாகவும் படித்தது வேறாகவும் இருந்தால் பிழை என்று காட்டும். விண்டோஸிலேயே மெமரி டயக்னஸ்டிக் என்று ஒன்று உண்டு, அவசரத்துக்கு அதுவும் போதும். நான் முதலில் சொன்னதை ராத்திரி ஓட விட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் திரை முழுக்கப் பிழை.

மறுபடியும் தாள், மறுபடியும் கட்டம். பழைய ஸ்டிக் தனியாக, முதல் ஸ்லாட்டில் ஒரு பிழையும் இல்லை. இரண்டாவது ஸ்லாட்டிலும் இல்லை. ஆக, இரண்டு ஸ்லாட்டும் சுத்தம். புதிய ஸ்டிக் தனியாக: பிழை. ஸ்லாட்டை மாற்றினேன்: பிழை. ஸ்டிக் போகும் இடமெல்லாம் பிழையும் கூடவே போனது. புதிதாக வாங்கிய சரக்கே பழுது. விற்றவரிடம் திரைப்படத்தை போட்டோ எடுத்துக் காட்டினேன். மறுபேச்சில்லாமல் உத்தரவாதத்தில் மாற்றிக் கொடுத்தார். மாற்றிக் கொடுத்ததையும் ஒரு ராத்திரி சோதித்தேன். பிழை இல்லை.

ஒரே நேரத்தில் இரண்டு பழுது. தூசி ஒன்று, மட்டமான ஸ்டிக் ஒன்று. எனக்கு ஆன செலவு, ஆட்டோவும் போன் பேச்சும்தான். கடைக்காரர் சொன்னபடி செய்திருந்தால் 36,500.

இப்போது என் சண்டைக்கு வருகிறேன்.

பையன் சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது. ஏழாம் தலைமுறை பிராசஸரை விண்டோஸ் 11 முறையாக ஏற்காது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. ஆனால் நான் கேட்ட கேள்வி அதுவா? படம் ஏன் வரவில்லை என்று கேட்டேன். பல்வலி என்று போனவனிடம், உங்கள் கண்ணாடி பழசு என்று சொல்வது மாதிரி இருக்கிறது. விண்டோஸ் விஷயத்துக்கு வேறு வழிகள் உண்டு. நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை ஓட்டலாம். அதற்கு மேல் லினக்ஸ் மின்ட் மாதிரி ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம், அதற்கு 4 ஜிபியே தாராளம். இதையெல்லாம் யோசித்துவிட்டுப் புதிது வாங்குவது வேறு. பயமுறுத்தப்பட்டு வாங்குவது வேறு.

நம் வயசுக்காரர்களிடம் இந்தப் பயம் சுலபமாக விலை போகிறது. ‘ஜெனரேஷன்’ என்ற ஒரு சொல்லைச் சொன்னால் போதும், நம்மையே சொன்ன மாதிரி ஒடுங்கிவிடுகிறோம். என் நண்பர் ஒருவர் மெமரியைக் கூட்டிப் போட்டும் மூணேகால் ஜிபிக்கு மேல் காட்டவில்லை. “போர்டு எடுக்காது சார்” என்று அவருக்கும் தீர்ப்பு. போய்ப் பார்த்தால் அவர் வைத்திருந்தது 32 பிட் விண்டோஸ். 4 ஜிபிக்கு மேல் எத்தனை போட்டாலும் அது கையாளாது. 64 பிட் போட்டதும் முழுசும் காட்டியது. இன்னொருவருக்கு 3200 என்று எழுதிய ஸ்டிக் 2400-ல் ஓடுகிறதாம், ஏமாற்றிவிட்டார்கள் என்கிறார். ஏமாற்று இல்லை. ஜோடி மாட்டில் ஒன்று மெதுவாக நடந்தால் வண்டி அந்த வேகத்தில்தான் போகும். பிராசஸரின் எல்லையும் அதில் சேர்த்தி.

எக்ஸ்சேஞ்ச் விஷயம் இதைவிட மோசம். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இதே மாதிரி ஒரு தீர்ப்பைக் கேட்டு, பழைய பெட்டியை அப்படியே கொடுத்துவிட்டு வந்தார். ஹார்ட் டிஸ்க்கோடு. மகள் கல்யாண போட்டோ, வீட்டுப் பத்திரத்தின் நகல், பேங்க் கணக்கு, பான் கார்டு எல்லாம் அதற்குள். ஒரு வாரம் கழித்து ஞாபகம் வந்து ஓடினார். பெட்டி எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. போட்டோவைப் பற்றிப் பேசும்போது மனிதர் இன்றைக்கும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டுதான் பேசுகிறார். அந்த டிஸ்க்கில் ஒரு பழுதும் இல்லை. படம் வராததற்கும் டிஸ்க்குக்கும் சம்பந்தமே இல்லை. யாராவது மூடியைக் கழற்றிப் பார்த்திருந்தால் அவருக்கு அது தெரிந்திருக்கும்.

பழுதுபார்க்கும் உரிமை என்று மத்திய அரசு 2022-ல் ஒரு குழு அமைத்தது, அதற்கென இணையதளமும் திறந்தது. மின்னணுக் கழிவுக்குப் புது விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கின்றன. எல்லாம் நல்லதுதான். ஆனால் கடை மேஜையில் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுக்க ஆளில்லை என்றால், உரிமையைக் காகிதத்தில் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இந்த ஆவேசத்தோடுதான் போன சனிக்கிழமை அந்தக் கடைக்கே போனேன். நான்கு கட்டம் போட்ட தாளையும் எடுத்துப் போனேன். முதலாளி இல்லை, பையன் மட்டும் இருந்தான். தாளைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன்.

அவன் தாளை நிதானமாகப் பார்த்தான். பிறகு சொன்னான்: “இது எனக்கும் தெரியும் சார். பார்த்துச் சொல்ல ஒரு மணி நேரம் ஆகும். ஸ்லாட்டைத் துடைச்சுக் கொடுத்துட்டு 300 ரூபா கேட்டா, ‘துடைச்சதுக்கா 300?’னு சண்டைக்கு வருதாங்க. போன மாசம் ஒருத்தர் 50 ரூபாயை மேஜையில போட்டுட்டுப் போயிட்டாரு. செட்டு வித்தாத்தான் முதலாளி எனக்குச் சம்பளம் கொடுக்க முடியும்.”

எனக்கு வாயடைத்துவிட்டது. ஏனென்றால் அந்த 50 ரூபாய் ஆசாமி நானாகவும் இருந்திருக்கலாம். ஐந்தாறு வருஷத்துக்கு முன் பிரின்டர் ஒன்றைச் சரி செய்தவரிடம், “ஒரு வயரைத்தானே மாட்டினீங்க” என்று பேரம் பேசியவன்தான் நான். எந்த வயர் என்று கண்டுபிடிக்க அவருக்கு முக்கால் மணி நேரம் ஆனதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டே பேரம் பேசினேன்.

நாம் பொருளுக்குக் காசு கொடுப்போம், அறிவுக்குக் கொடுக்க மாட்டோம். கண்ணுக்குத் தெரிகிற போர்டுக்கு ஆறாயிரம் கொடுப்போம். போர்டு நன்றாக இருக்கிறது என்று ஒருவன் மெனக்கெட்டுக் கண்டுபிடித்துச் சொன்னால், அதற்கு முந்நூறு வலிக்கிறது. அப்புறம் எல்லாக் கடையிலும் போர்டு போய்விட்டது என்றுதான் சொல்வார்கள். வேறென்ன சொல்வார்கள்?

பொய் சொன்னது தப்புதான். தெரிந்தே திறந்து பார்க்காமல் தீர்ப்புச் சொன்னது இன்னும் தப்பு. அதை அவனிடமும் சொன்னேன், தலையை ஆட்டிக்கொண்டான். ஆனால் பாதிக் கோபத்தை நான் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

அதனால் இதைப் படிக்கும் நம் செட்டுக்காரர்களுக்கு நான் சொல்வது நான்கு விஷயம்.

கடைக்குப் போனதும் முதலில், “பழுது எதுன்னு பார்த்துச் சொல்ல என்ன கட்டணம்?” என்று நீங்களே கேளுங்கள். கேட்டதைப் பேரம் பேசாமல் கொடுங்கள். கட்டணம் வாங்கிவிட்டால், மூடியைக் கழற்றாமல் தீர்ப்புச் சொல்ல அவருக்கும் கூசும்.

இன்ன பாகம் போய்விட்டது என்று சொன்னால், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேளுங்கள். நல்ல பாகத்தை மாற்றிப் போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். உண்மையாகப் பார்த்தவர் சந்தோஷமாகக் காட்டுவார்.

பெட்டியை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதாக இருந்தால், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் கையில் வாங்கிக்கொண்டு கொடுங்கள். அதற்கு 200 ரூபாய் குறைத்தாலும் பரவாயில்லை.

நீங்களே மெமரி மாட்டிப் படம் வராமல் போனால் பயப்படாதீர்கள். மெமரியை மாற்றிய பிறகு முதல் தடவை படம் வரக் கொஞ்சம் தாமதமாகலாம், இரண்டு மூன்று நிமிஷம் காத்திருங்கள். பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரே ஒரு ஸ்டிக்கை வைத்து, ஒவ்வொரு ஸ்லாட்டாகப் பாருங்கள். தாளில் எழுதிக்கொண்டே செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான் முதல் நாளே பழையதையும் புதியதையும் ஒருசேர இடம் மாற்றியதுதான் எனக்கு ஆட்டோச் செலவு வைத்தது. அதுவும் எக்ஸ்சேஞ்சில் இத்தனை வருஷம் குப்பை கொட்டிவிட்டு!

கிளம்பும்போது பையன் கையில் 300 ரூபாயை வைத்தேன். “எதுக்கு சார்? நான் ஒண்ணும் பார்க்கலையே” என்றான். “அடுத்து வர்றவருக்குப் பாரு” என்று சொல்லிவிட்டு வந்தேன். பார்க்கிறானா இல்லையா என்பது, அடுத்து போகிறவர் கேட்கிறாரா இல்லையா என்பதையும் பொறுத்தது. வாத்தியார் வீட்டில் இப்போதும் ஒரு பழைய லேப்டாப் மூலையில் கிடக்கிறது. செத்துப்போய்விட்டது என்று யாரோ சொன்னார்களாம். நாளைக் காலையில் டார்ச்சும் பிரஷ்ஷும் ஒரு தாளும் எடுத்துக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன்.